கடல் தாண்டிய தூது

இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்கிறோம்? ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேச அனுப்புகிறோம். அவர் இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்பார். ஒரு முடிவுக்குக் கொண்டு வருவார்.

நாடுகளுக்கு இடையிலும் இப்படித்தான். ஒரு நாட்டுக்காக இன்னொரு நாட்டில் போய்ப் பேசுகிறவருக்குத் தூதர் என்று பெயர். துப்பாக்கி எடுக்காமல் பேசித் தீர்ப்பதே அவர் வேலை.

இது அப்படி ஒரு தூதின் வரலாறு. மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள புனே நகரத்தில் இருந்து இந்தத் தூது புறப்பட்டது. தென்னாப்பிரிக்கா போனது. பிறகு நியூயார்க்கில் உள்ள உலக சபை வரை போனது. யாருக்காகப் போனது? பிழைப்புக்காகக் கப்பல் ஏறிய ஏழைக் கூலிகளுக்காக. அவர்களில் மிகப் பலர் தமிழர்கள்.

கப்பலில் போனவர்கள்

1860-ம் ஆண்டு அக்டோபர் 12. சென்னையில் இருந்து 'டுரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள்.

டர்பன் இருந்த பகுதிக்கு நேட்டால் என்று பெயர். அது அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அங்கே கரும்பு பயிரிட்டார்கள். கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் அடிமை முறை 1834-லேயே ஒழிந்துவிட்டது. அதனால் ஒப்பந்தம் போட்டு இந்தியாவில் இருந்து ஆள் கொண்டு வந்தார்கள்.

ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு. முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். நடுவில் வேலையை விட முடியாது. சொல்லாமல் போனால் சிறை. கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சம்மதம் சொன்னார்கள்.

1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இப்படிப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துக்காரர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும்.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி டர்பனில் ஒரு வக்கீலைத் தேடி வந்தார். சட்டை கிழிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் இரத்தம். முதலாளி அடித்துவிட்டார். அந்த வக்கீலின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் பாலசுந்தரத்தை நீதிபதியிடம் அழைத்துப் போனார். வேறு முதலாளியிடம் வேலைக்கு மாற்றிவிட்டார். இந்தச் செய்தி கூலி லைன்களில் பரவியது. நமக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று மக்கள் தெரிந்துகொண்டார்கள்.

மூன்று பவுன் வரி

ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள். கூடையில் சுமந்து விற்றார்கள். சிலர் சிறு கடை வைத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. இந்தியர்களின் உழைப்பு வேண்டும். ஆனால் அவர்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது. இதுதான் அவர்கள் எண்ணம்.

1895-ல் நேட்டாலில் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவர் வருடத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 16 வயதான பையனுக்கும் வரி உண்டு. 13 வயதான பெண்ணுக்கும் வரி உண்டு.

இங்கே பவுன் என்பது நகை எடை அல்ல. அது ஆங்கிலேயரின் பணம். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 ஷில்லிங் என்றால், 3 பவுன் சேர்க்க 6 மாதச் சம்பளம் வேண்டும். புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த மகன், மகள் என நான்கு பேர் உள்ள குடும்பம் 12 பவுன் கட்ட வேண்டும். எங்கே போவார்கள்? கட்ட முடியாதவர்கள் மறுபடி 5 வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். அல்லது ஊர் திரும்பினார்கள். வரியின் நோக்கமே அதுதான்.

புனேயில் எழுந்த குரல்

1896-ல் காந்தி இந்தியா வந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கஷ்டத்தை ஊர் ஊராகச் சொன்னார். புனேக்கும் போனார். திலகரைப் பார்த்தார். பேராசிரியர் பண்டார்கரைப் பார்த்தார். பெர்குசன் கல்லூரியில் கோபால கிருஷ்ண கோகலேயைப் பார்த்தார். திலகருக்கும் கோகலேக்கும் அரசியலில் ஒத்துப் போகாது. ஆனால் இந்த விஷயத்தில் இருவரும் உதவி செய்தார்கள்.

கோகலே 1866-ல் இரத்தினகிரி மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1905 ஜூன் 12 அன்று புனேயில் 'இந்திய ஊழியர் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இதில் சேருகிறவர்கள் நாட்டு வேலைக்கே வாழ்வைக் கொடுக்க வேண்டும். தனக்கென்று பணம் சேர்க்கக் கூடாது. சாதி மதம் பார்க்காமல் எல்லோரையும் சகோதரராக நினைக்க வேண்டும்.

கோகலே வைஸ்ராயின் சட்ட சபையில் உறுப்பினராக இருந்தார். 1910-ல் அங்கே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். அரசு ஒப்புக்கொண்டது. 1911 ஜூலை முதல் ஆள் அனுப்புவது நின்றது.

இனி யாரும் போக வேண்டாம். சரி. ஏற்கெனவே போனவர்களின் கதி என்ன?

வாய்ச் சொல்

1912 அக்டோபரில் கோகலேயே தென்னாப்பிரிக்கா போனார். அப்போது அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. உடல் மிகவும் தளர்ந்திருந்தது. ஆனாலும் ஊர் ஊராகப் போனார். மக்களின் குறைகளைக் கேட்டார். வெள்ளைக்காரர்களின் கூட்டங்களிலும் பேசினார்.

நவம்பரில் பிரிட்டோரியா நகரத்தில் பிரதமர் போத்தாவைச் சந்தித்தார். ஸ்மட்ஸ் என்ற அமைச்சரும் உடன் இருந்தார். 3 பவுன் வரியை எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு கோகலே வெளியே வந்தார். காந்தியிடமும் அதையே சொன்னார். காந்திக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

காந்தி சந்தேகப்பட்டபடியே நடந்தது. 1913-ல் அரசு வரியை எடுக்க மறுத்தது. அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை என்றும் சொன்னது. கோகலே நேர்மையானவர். ஆனால் பேசியது எதுவும் தாளில் இல்லை. எழுத்தில் இல்லாத வாக்கைப் பிடித்துக்கொண்டு வழக்காட முடியுமா?

மக்கள் எழுந்தார்கள்

1913-ல் இன்னொரு இடியும் விழுந்தது. ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, பதிவான கல்யாணம்தான் செல்லும் என்றார். அப்படியானால் இந்து, முஸ்லிம் பெண்கள் மனைவிகளே இல்லை என்று ஆனது. பெண்கள் கொதித்துப் போனார்கள்.

டால்ஸ்டாய் பண்ணையில் இருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிலர் கையில் குழந்தை இருந்தது. நியூகாசில் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளர்களைப் பார்த்தார்கள். வரியை எடுக்கும் வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தமிழிலே பேசினார்கள். தம்பி நாயுடு என்ற தலைவரும் பேசினார். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

நவம்பர் 6 அன்று காந்தியின் தலைமையில் பெரிய ஊர்வலம் புறப்பட்டது. அதில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நடந்தார்கள். வழியில் கைதானார்கள். கரும்புத் தோட்டங்களுக்கும் வேலை நிறுத்தம் பரவியது. சில இடங்களில் போலீஸ் சுட்டது. சிலர் இறந்தார்கள்.

வள்ளியம்மை என்ற 16 வயதுப் பெண்ணும் சிறைக்குப் போனாள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அவளுடையது. சிறையில் கடும் காய்ச்சல் கண்டது. வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, இறந்துபோனாள்.

இந்தியாவில் கோகலே படுக்கையில் இருந்தபடியே நிதி திரட்டினார். நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. வைஸ்ராய் ஹார்டிஞ்சு ஆங்கிலேயர். அவரும் 1913 நவம்பரில் சென்னையில் பேசியபோது போராடுகிறவர்களின் பக்கம் நின்றார். இது லண்டன் வரை பரபரப்பை உண்டாக்கியது.

இப்போது ஸ்மட்ஸ் இறங்கி வந்தார். 1914 ஜூன் 30 அன்று காந்தியும் அவரும் கடிதம் எழுதிப் பரிமாறிக்கொண்டார்கள். பேசியது எல்லாம் இந்த முறை எழுத்தில் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியக் கல்யாணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது.

1912-ல் பேசியபோது நடக்காதது 1914-ல் நடந்தது. ஏன்? நடுவில் ஆயிரக்கணக்கான கூலிகள் எழுந்து நின்றார்கள்.

கோகலே 1915 பிப்ரவரி 19 அன்று புனேயில் காலமானார். அவருக்கு வயது 48.

வலங்கைமானில் இருந்து வந்த தூதர்

கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவர் ஆனவர் ஒரு தமிழர். அவர் பெயர் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள வலங்கைமானில் 1869-ல் பிறந்தார். ஏழைப் புரோகிதரின் மகன். சென்னை திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தார். 1907-ல் வேலையை விட்டுவிட்டுக் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். 'மகாகனம்' சீனிவாச சாஸ்திரி என்று தமிழ் மக்கள் அவரை அழைத்தார்கள். அவருடைய ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயரே வியந்து கேட்டார்கள்.

1925-ல் தென்னாப்பிரிக்காவில் புதிய ஆபத்து வந்தது. டாக்டர் மலான் என்ற அமைச்சர் ஒரு மசோதா கொண்டு வந்தார். இந்தியர்கள் தனி இடத்தில்தான் வீடு வைக்க வேண்டும். தனி இடத்தில்தான் கடை வைக்க வேண்டும். இதுவே அதன் சாரம்.

இந்திய அரசு பேச்சுக்கு அழைத்தது. 1926 டிசம்பரில் கேப்டவுன் நகரத்தில் வட்ட மேசை மாநாடு கூடியது. இந்தியக் குழுவுக்கு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த முகமது ஹபிபுல்லா தலைவர். சாஸ்திரியும் அதில் ஒருவர். எதிரில் உட்கார்ந்தவர் மலான்.

1927 பிப்ரவரியில் உடன்பாடு வெளியானது. மலானின் மசோதா கைவிடப்பட்டது. அங்கேயே தங்கும் இந்தியர்களின் படிப்புக்கும் முன்னேற்றத்துக்கும் அரசு உதவ வேண்டும் என்று முடிவானது. விரும்பி ஊர் திரும்புகிறவர்களுக்குப் பணமும் கப்பல் செலவும் உண்டு. இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் அங்கேயே தங்கி இருப்பார். அந்தப் பதவிக்கு 'ஏஜெண்ட்' என்று பெயர்.

முதல் ஏஜெண்ட் சாஸ்திரியே. 1927 நடுவில் போனார். 1929 தொடக்கம் வரை இருந்தார். அவர் செய்த வேலை இரண்டு விதம். வெள்ளைக்காரர்களிடம் போய்ப் பேசி அவர்கள் மனத்தை இளக்கப் பார்த்தார். இந்தியர்களிடம் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். டர்பனில் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும் என்று நிதி கேட்டார். இந்திய மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 1929-ல் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குச் 'சாஸ்திரி கல்லூரி' என்றே பெயர். கூலிகளின் பேரப்பிள்ளைகள் பலர் அங்கே படித்து ஆசிரியர் ஆனார்கள்.

எல்லோரும் அவரை வரவேற்கவில்லை. 1928-ல் கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் ஒரு வெள்ளையர் கும்பல் அவர் பேசிய கூட்டத்தில் புகுந்து கலாட்டா செய்தது. சாஸ்திரி பணிந்து பேசுகிறார் என்று இந்தியர்களிலும் சிலர் குறை சொன்னார்கள். ஊர் திரும்பிய கூலிகளின் நிலையும் நன்றாக இல்லை. பலர் அங்கேயே பிறந்தவர்கள். இங்கே அவர்களுக்கு வேலையும் இல்லை, உறவும் இல்லை. கொடுத்த பணம் சீக்கிரமே தீர்ந்துபோனது.

எழுதிய உடன்பாடும் மீறப்பட்டது

1914-ல் ஒரு பாடம் கிடைத்தது. பேசியதை எழுதி வாங்க வேண்டும். 1927-ல் எழுதியும் ஆயிற்று. அது போதுமா?

போதவில்லை. எழுதிய பிறகும் புதுப்புதுத் தடைகள் வந்தன. 1946 ஜூனில், ஸ்மட்ஸ் பிரதமராக இருந்தபோது, ஒரு சட்டம் நிறைவேறியது. குறிப்பிட்ட பகுதிகளைத் தவிர வேறு இடத்தில் இந்தியர்கள் நிலம் வாங்கக் கூடாது. பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் வெள்ளைக்காரரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மக்களை ஒரு மூலையில் ஒதுக்கித் தள்ளும் சட்டம் என்று இந்தியர்கள் கொதித்தார்கள்.

சாஸ்திரி அப்போது உயிரோடு இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 1946 ஏப்ரலில், சென்னையில் காலமாகிவிட்டார்.

டர்பனில் மறுபடி சத்தியாகிரகம் தொடங்கியது. டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும் தலைவர்கள். தடை செய்த இடத்தில் கூடாரம் போட்டு மக்கள் உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ 2,000 பேர் சிறை போனார்கள்.

இந்திய அரசு தன் தூதரைத் திரும்ப அழைத்தது. 1946 ஜூலை 17 முதல் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்தியது. சணல் சாக்கு முதல் பல சரக்குகள் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தன. இந்தியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 20-ல் ஒரு பங்கு அது. நமக்கும் நஷ்டம்தான். ஆனாலும் நிறுத்தினார்கள். இந்தியாவுக்கு அப்போது சுதந்திரம்கூட வரவில்லை.

உலக சபையில் வழக்கு

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. உலக நாடுகள் சேர்ந்து ஐக்கிய நாடுகள் சபையை அமைத்தன. அதைச் சுருக்கமாக ஐ.நா. என்கிறோம். மனிதர் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அதன் சாசனம் சொல்கிறது. அந்தச் சாசனத்தின் முன்னுரையை எழுதுவதில் பங்கு கொண்டவர் யார் தெரியுமா? அதே ஸ்மட்ஸ்!

1946 கடைசியில் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை கூடியது. இந்தியா தன் வழக்கைக் கொண்டு போனது. இந்தியக் குழுவின் தலைவர் ஒரு பெண். விஜயலட்சுமி பண்டிட். நேருவின் தங்கை. எதிரில் ஸ்மட்ஸ்.

தென்னாப்பிரிக்காவின் வாதம் இது: "இது எங்கள் வீட்டு விஷயம். வெளியார் தலையிடக் கூடாது."

இந்தியாவின் பதில் இது: "இரண்டு அரசுகள் சேர்ந்து செய்த உடன்பாடு மீறப்பட்டிருக்கிறது. மனித உரிமையும் மீறப்பட்டிருக்கிறது. அது எப்படி ஒரு வீட்டு விஷயம் ஆகும்?"

1927-ல் கேப்டவுனில் செய்த உடன்பாடு இங்கே சாட்சியாக வந்து நின்றது. மலான் மதிக்காத தாள்தான். ஸ்மட்ஸ் மதிக்காத தாள்தான். 19 ஆண்டு கழித்து உலகத்தின் முன்னால் அது பேசியது.

டிசம்பர் 8 அன்று ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 32. எதிர்ப்பு 15. ஓட்டுப் போடாதவை 7. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து ஓட்டுப் போட்டன. தீர்மானம் ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆதரித்தவர்களில் ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் போயிருந்தால் தோற்றிருக்கும். தோற்கவில்லை. இரண்டு நாடுகளும் செய்த உடன்பாடுகளின்படியும் சாசனத்தின்படியும் இந்தியர்களை நடத்த வேண்டும் என்று உலகம் சொன்னது.

"உங்கள் நாட்டில் இல்லையா?"

இந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வி இந்தியாவைப் பார்த்து வந்தது. "உங்கள் நாட்டில் சாதி இல்லையா? தீண்டாமை இல்லையா? எங்களைக் குறை சொல்ல வந்துவிட்டீர்களே!"

தப்பிக்கக் கேட்ட கேள்விதான். ஆனால் கேள்வியில் உண்மை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் தனித் தெரு கூடாது என்றால் நம் ஊரில் மட்டும் தனிச் சேரி எப்படிச் சரியாகும்?

இதைக் கேட்டவர்கள் நம் நாட்டிலும் முன்பே இருந்தார்கள். அதே புனே நகரத்தில், 1868-ல், மகாத்மா ஜோதிபா பூலே தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். டாக்டர் அம்பேத்கர் வாழ்நாள் எல்லாம் அதற்காகப் போராடினார். 1950 ஜனவரி 26 அன்று நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வந்தது. தீண்டாமை முழுதும் போய்விட்டதா? ஒவ்வொருவரும் தன் ஊரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. வெளியே நியாயம் கேட்கிறவர் வீட்டிலும் நியாயம் செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் நியாயம்

இந்தத் தூதில் ஒரு குறை இருந்தது. வெகு காலம் அது இந்தியர்களுக்காக மட்டுமே பேசியது. அந்த மண்ணின் சொந்த மக்களான கறுப்பர்கள் அதைவிட மோசமாக நடத்தப்பட்டார்கள். அவர்களின் நிலமே பறிபோயிருந்தது.

1947-ல் இந்தியத் தலைவர்கள் தாதூவும் நாயக்கரும் ஆப்பிரிக்கத் தலைவர் சூமாவோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மூவருமே டாக்டர்கள். இனி சேர்ந்து போராடுவது என்று முடிவு செய்தார்கள்.

1948-ல் மலான் பிரதமர் ஆனார். நிறவெறியே அரசின் கொள்கை ஆனது. யார் எங்கே வாழலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் எல்லாமே தோல் நிறத்தின்படி. 1952-ல் இந்தியாவும் வேறு 12 நாடுகளும் ஐ.நா.வில் புதிய வழக்குப் போட்டன. இந்த முறை இந்தியர்களுக்காக மட்டும் அல்ல. நிறவெறியையே எதிர்த்து.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற ஊரில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். உலகம் அதிர்ந்தது. ஒவ்வொரு நாடாகத் தென்னாப்பிரிக்காவை ஒதுக்கத் தொடங்கியது. 1977-ல் அந்த நாட்டுக்கு யாரும் ஆயுதம் விற்கக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு சபை தடை போட்டது.

விளையாட்டும் தூது போனது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். எதிர் அணி தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொல்லிவிட்டது. கோப்பை அவர்களுக்குப் போனது. நியாயம் நம்மிடம் நின்றது.

நெல்சன் மண்டேலா 27 ஆண்டு சிறையில் இருந்து 1990 பிப்ரவரியில் வெளியே வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா வந்தார். பாரத ரத்னா விருது பெற்றார். 1993-ல் இரண்டு நாடுகளுக்கும் மறுபடி தூதர் உறவு ஏற்பட்டது. 1994 ஏப்ரல் 27 அன்று கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

பாலசுந்தரம் இரத்தம் ஒழுக வந்து நின்றது 1894-ல். எல்லோரும் ஓட்டுப் போட்டது 1994-ல். சரியாக 100 ஆண்டுகள்.

தெரிந்துகொள்ள வேண்டியது

வாயால் சொன்ன வாக்கு காற்றோடு போனது. எழுதிய வாக்கும் ஒரு நாள் மீறப்பட்டது. ஆனால் எழுதியதால்தான் உலகத்தின் முன்னால் கேட்க முடிந்தது. மக்கள் ஒன்றாக எழுந்ததால்தான் தூதரின் பேச்சுக்குப் பலம் வந்தது. தூதர் போய்ப் பேசியதால்தான் மக்களின் போராட்டம் உலகத்துக்குத் தெரிந்தது. ஒன்று இல்லாமல் ஒன்று இல்லை.

கூலி ஒப்பந்தமோ, கடன் பத்திரமோ, நிலப் பத்திரமோ, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டுரூரோ கப்பலில் போனவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

சொல்லும் பொருளும்

தூதர் – ஒரு நாட்டுக்காக இன்னொரு நாட்டில் பேசுகிறவர்
உடன்பாடு – இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட முடிவு
மசோதா – சட்டம் ஆவதற்கு முன் உள்ள வரைவு
தீர்மானம் – ஒரு சபை கூடி எடுக்கும் முடிவு
சாசனம் – ஒரு அமைப்பின் அடிப்படை விதிகள்
நிறவெறி – தோல் நிறத்தைப் பார்த்து மனிதரை உயர்வு தாழ்வாக நடத்துவது

கலந்து பேசுங்கள்

1. மூன்று பவுன் வரியை ஏன் போட்டார்கள்? யாருக்கு அதனால் லாபம்?
2. 1912-ல் கோகலேயால் முடியாதது 1914-ல் எப்படி முடிந்தது?
3. 1927 உடன்பாடு மீறப்பட்டது. அப்படியும் அது எப்படிப் பயன்பட்டது?
4. "இது எங்கள் வீட்டு விஷயம்" என்று சொல்லித் தப்பிப்பதை நம் ஊரிலும் கேட்டிருக்கிறீர்களா? எப்போது?
5. உங்கள் ஊரில் இருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்களா? போவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்தார்களா? கேட்டு வந்து குழுவில் சொல்லுங்கள்.